தமிழிலே வைத்தியம் சொன்ன கிறீன்

மருதனார்மடம் சந்தியிலிருந்து உடுவில் வழியாகச் செல்லும் தெரு மானிப்பாயை அடைகின்றது. சைக்கிளிற் செல்பவர்க்கு அரைமணி நேரமும் வேண்டுவதில்லை. அங்கே அமெரிக்க மிஷனார் நிறுவிய வைத்தியசாலையொன்று கிறீன் என்பாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இளமையில் எத்தனையோ முறை அதன் வாயிலைக் கடந்திருக்கின்றேன். பின்னர் முப்பத்து மூன்று ஆண்டுகள் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்தேன். ஆயினும், அப்பெயருக்குரியவரின் வரலாற்றை நான் நாடிப் படித்தது எழுபது வயது கடந்த பின்னரே. அதற்கு என் வீட்டில் நேர்ந்த துயரமொன்று காரணமாயிற்று. அதனை உரிய இடத்திற் கூறுவேன். முதலில் அப்பெரியாரின் வரலாற்றைக் கூறுதல் முறை.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் என்னும் ஊரிற் பிறந்தார். அதே 1822ஆம் ஆண்டு டிசம்பரில் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். ஒருவர் சைவம் காக்க எழுந்தவர். மற்றவர் கிறிஸ்து சமயம் பரப்ப வந்தவர். கொள்கையால் எதிரெதிர்த் திசையில் நின்ற இவ்விருவரும் ஒரு செயலில் ஒத்திருந்தனர். தாம் சொல்லவந்ததைச் சாதாரண மக்கள் படித்தறியும் தமிழ் உரைநடையிலே சொல்லவேண்டும் என்று இருவரும் உறுதிகொண்டனர். நாவலர் சமயத்தைச் சொன்னார். கிறீன் உடலைச் சொன்னார்.

கிறீன் நியூயோர்க் நகரத்து வைத்தியக் கல்லூரியிற் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். 1847ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் சங்கத்தார் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினர். சுயெஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஆபிரிக்காக் கண்டத்தைச் சுற்றிக்கொண்டு, பாய்க்கப்பலில், பல மாதங்கள் கடலிற் கழித்து, அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் இங்கே வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. ஜோன் ஸ்கடர் என்பார் 1820ஆம் ஆண்டளவிலே பண்டத்தரிப்பில் தொடங்கிவைத்த வைத்தியப் பணி அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிய கிறீன், 1848இல் மானிப்பாய்க்குக் குடிவந்தார். இடையில் ஐந்தாண்டுகள் தாய்நாடு சென்று வந்தது நீங்கலாக, 1873 வரை அவருடைய வாழ்வு மானிப்பாயிலேயே கழிந்தது.

அவர் வந்தகாலத்து யாழ்ப்பாணத்தை நாம் சிறிது எண்ணிப்பார்த்தல் வேண்டும். வற்றாத ஆறில்லாத நாடு நம் நாடு. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கும் மழைநீரே நம் கிணறுகளில் ஊறுகின்றது. நிலத்தின் மேலே கழிக்கப்படும் அசுத்தமும் அவ்வெடிப்புகளூடே இறங்கக் கூடும். வாந்திபேதி என்னும் கொள்ளைநோய் இத்தகைய நிலத்திற் புகுந்தால் ஒரு கிணற்றடியிலிருந்து ஊர் முழுவதற்கும் பரவிவிடும். மறுபுறம் வைசூரி என்னும் பெரியம்மை. கண்டவரில் ஏறத்தாழ மூவரில் ஒருவரை அது கொண்டுபோகும். தப்பியவர் முகத்திலே தன் தழும்பை விட்டுச்செல்லும். வாந்திபேதி வந்த வீட்டில் காலையில் தண்ணீர் அள்ளியவர் மாலையிற் பிணமாகக் கிடப்பதும் உண்டு.

இந்நோய்கள் எதனால் வருகின்றன என்பது அக்காலத்தில் மேனாட்டு வைத்தியருக்கும் தெளிவாகத் தெரியாது. கெட்ட காற்றே காரணம் என்பது பெரும்பாலாரின் எண்ணம். 1854இல் இலண்டனில் ஜோன் ஸ்நோ என்பார் வாந்திபேதி குடிநீராற் பரவுவதைக் காட்டினார். அதனை ஏற்றுக்கொண்டவர் சிலரே. பெரியம்மைக்கு மட்டும் ஒரு காப்பு இருந்தது. பசுவின் அம்மைப்பாலைக் கையிற் கீறிவைத்தால் பெரியம்மை அணுகாது என்பதை 1796இல் எட்வேட் ஜென்னர் கண்டறிந்தார். 1802ஆம் ஆண்டிலேயே அம்மைப்பால் குத்தும் முறை இலங்கைக்கு வந்துவிட்டது. அது காக்கின்றது என்பதை அறிந்திருந்தார்களே தவிர, ஏன் காக்கின்றது என்று கேட்டால் உலகிலே விடை சொல்லக்கூடியவர் ஒருவரும் இருக்கவில்லை. கிறீன் நோயாளரிடையே நடமாடியது இவ்வாறு பாதி ஒளியும் பாதி இருளுமான காலத்தில் என்பதை நாம் மறத்தலாகாது.

மானிப்பாயிலே அவர் மருந்து கொடுப்பதோடு அமையவில்லை; 1848இலேயே நம் இளைஞர் சிலரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்திலேயே நடந்தது. ஆனால், ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவர்களிற் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியிடங்களுக்குச் சென்றுவிட்டனர். எந்தக் கிராமங்களுக்காக அவர்களைப் பயிற்றினாரோ அந்தக் கிராமங்கள் வைத்தியரின்றியே இருந்தன. இதனைக் கண்ட கிறீன் 1864இல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழிற் கற்றவன் தமிழ் பேசுவோரிடையே தங்குவான். தான் கற்றதை நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லவும் அவனால் இயலும் என்பது அவர் கருத்து. அவரிடம் வைத்தியம் கற்று வெளியேறியவர் தொகை அறுபதுக்கு மேற்படும்.

வகுப்பை மாற்றுவது எளிது; நூலுக்கு எங்கே போவது? முன்னரே அவர் தாமே தமிழைக் கற்று, தம் மாணவரையும் தமிழறிந்தாரையும் துணையாகக் கொண்டு, மொழிபெயர்ப்பு வேலையை மேற்கொண்டிருந்தார். கற்றர் என்பாரின் உடனலநூல் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயருடன் 1857இல் வெளிவந்தது. பிரசவ வைத்தியமும் அவ்வாண்டில் வந்தது. 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் கெமிஸ்தம். இவையும் பின்னர் வந்தவையும் சேர்ந்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களாயின. மின்விளக்கில்லாத காலத்தில், பகலெல்லாம் நோயாளரைப் பார்த்த ஒருவர் தலைமைதாங்கிச் செய்த வேலை இது.

அந்நூல்களின் தமிழ் இன்று நமக்குச் சிறிது விசித்திரமாகத் தோன்றலாம். தமிழ்ச்சொல், வடசொல், ஆங்கில ஒலியைத் தழுவிய சொல் ஆகிய மூன்றும் அங்கே கலந்து வருகின்றன. இரசாயனத்தைக் கெமிஸ்தம் என்றார். உடலமைப்பைக் கூறும் நூலை அங்காதிபாதம் என்றார். பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் பிரபந்த வழக்கில் ஊறிய செவிக்கு இச்சொல் அந்நியமாக ஒலித்திராது. இன்று நாம் உடற்றொழிலியல் என்பதைச் சுகரணவாதம் என்றார். அச்சொற்களிற் பல இன்று வழக்கொழிந்து போயின. ஆயினும், மேனாட்டு வைத்தியம் முழுவதையும் தமிழிற் சொல்லமுடியும் என்பதை நாலாயிரம் பக்கங்களிற் செய்துகாட்டிய பின்னர், முடியாது என்று வாதிப்பதற்கு இடமில்லாமற் போயிற்று.

ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். கிறீன் மதம் பரப்ப வந்தவர். வைத்தியம் அதற்குரிய வழி என்றே அவர் கருதினார். சைவ மக்களிற் பலருக்கு இந்நோக்கம் உடன்பாடாக இருந்திராது. இன்றும் நம்மிற் பலருக்கு உடன்பாடன்று. ஆனால், அவரிடம் இன்னொரு குணமும் இருந்தது. தம்மிடம் கற்பவர் ஐரோப்பியரைப்போல் உடுத்து, ஐரோப்பியரைப்போல் நடந்து, தம் ஊராருக்கு அந்நியராவதை அவர் விரும்பவில்லை. வேட்டியோடும் சால்வையோடும் வீட்டுத் திண்ணையில் இருந்து பேசக்கூடிய வைத்தியனே இந்நாட்டுக்கு வேண்டும் என்று எண்ணினார். அவருடைய சமயத்தை ஏற்காதவரும் இக்குணத்தை மதிக்கலாம்.

1866, 1867ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி பெருங்கொள்ளையாக வந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கிறீன் அப்போது மானிப்பாயில் இருந்தார். ஒரு நல்ல வைத்தியருக்கு இதனினும் கொடிய சோதனை இல்லை. உறுப்புகள் அனைத்தின் பெயரையும் தமிழிற் சொல்ல அவரால் இயலும். கண்முன்னே ஒருவன் ஒடுங்கி, கண் குழிந்து, குரல் அடைத்து, சில மணி நேரத்தில் இறப்பதை அவரால் முற்றாகத் தடுக்க இயலாது. அன்று உலகில் எவராலும் இயலாது.

அந்நோயாளியின் உடலில் நடந்தது என்ன என்பதை இன்று நாம் அறிவோம். வாந்திபேதியை உண்டாக்கும் பற்றீரியம் நீரோடு வயிற்றுக்குட் செல்கின்றது. இரைப்பையின் அமிலம் அதிற் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். தப்பியவை சிறுகுடலின் சுவரிலே பற்றிக்கொண்டு ஒரு நஞ்சைச் சுரக்கின்றன. இந்நஞ்சின் இயல்பை 1959இல் கல்கத்தாவில் நிறுவிக்காட்டியவர் சம்புநாத் டே என்னும் வங்காளி. அந்நஞ்சு குடற்சுவரின் மடையைத் திறந்துவிட, உடலின் நீரும் உப்பும் வெளியே பாய்கின்றன; கடுமையான நோயில் மணிக்கு ஒரு லீற்றர் வரை செல்லும். உடலுக்குக் காவற்படை இல்லாமலில்லை. ஆனால், முன்பின் அறியாத பகைவனை இனங்கண்டு அவனுக்கேற்ற ஆயுதத்தை வடித்தெடுக்க அப்படைக்கு ஒரு கிழமை தொடக்கம் இரண்டு கிழமை வரை வேண்டும். வாந்திபேதியோ ஒரு நாளிற் கொன்றுவிடும். ஆகவே இங்கே வைத்தியன் செய்யவேண்டியது, படை திரளும் வரை உயிரைப் பிடித்துவைப்பதே. இழந்த நீரையும் உப்பையும் உடனுக்குடன் ஈடுசெய்தால் நூற்றில் ஒருவர்கூட இறப்பதில்லை. 1971இல் வங்காள அகதி முகாமில் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்துத் திலீப் மகாலநபிஸ் என்னும் வைத்தியர் இதனைப் பெருந்தொகையானோரிடம் மெய்ப்பித்தார். அவ்வாறு பிழைத்தவரின் குடலிலே சில ஆண்டுகளுக்குக் காவல் நிலைத்துநிற்கும்.

பெரியம்மையின் கதை வேறு. அதன் வைரசு உடலுட் புகுந்து ஏறத்தாழப் பத்து முதல் பதினான்கு நாள் மறைந்து பெருகிய பின்னரே காய்ச்சலாக வெளிப்படும். இக்கால இடைவெளிதான் மனிதனுக்கு வாய்ப்பு. அம்மைப்பால் குத்தியவன் உடலில், தீங்கு செய்யாத உறவுக்கார வைரசு ஒன்றைக் கண்டு காவற்படை முன்னரே பழகிவிடுகின்றது. பழகிய கலங்களிற் சில, போர் முடிந்த பின்னும் இறவாமல், பல பத்தாண்டுகள் உடலிலே தங்குகின்றன. உண்மைப் பகைவன் வரும்போது அவை விரைந்து பெருகி, அவன் தலையெடுக்குமுன் அடக்கிவிடுகின்றன. நோயாளியோடு பழகிய ஓரிரு நாளுக்குள் அம்மைப்பால் குத்தினாலும் பலருக்குக் காப்பு உண்டானமைக்குக் காரணம் இதுவே: வைரசு நடக்கும் வேகத்தினும் உடல் கற்கும் வேகம் சிறிது கூடியது. இம்முறையாலேயே பெரியம்மை உலகினின்றும் ஒழிந்தது என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நிற்க. இனி என் வீட்டுச் செய்திக்கு வருகின்றேன்.

என் அம்மம்மாவின் முகத்தில் அம்மைத் தழும்புகள் இருந்தன. குழந்தைப் பருவத்தில் வைசூரி கண்டு பிழைத்தவர் அவர். அவர் இளமையில் ஊரில் எந்த வீட்டில் வைசூரி வந்தாலும் வேப்பிலையோடு அவரைத்தான் அழைப்பார்களாம். அவரும் சென்று, நோயாளியின் அருகிலிருந்து, கூழ் பருக்கி, புண் துடைத்து, கிழமைக் கணக்கிற் பராமரிப்பாராம். அவருக்கு அச்சமில்லை. ஒருமுறை வந்தவருக்கு அது மறுமுறை வராது என்பதை அவர் அறிந்திருந்தார், ஊராரும் அறிந்திருந்தனர். அது அம்மனின் அருள் என்று அவர் சொல்வார். நானும் என் அக்காவும் அவர் மடியிலிருந்து இக்கதையைப் பலமுறை கேட்டிருக்கின்றோம்.

2020ஆம் ஆண்டு டிசம்பரில் எங்கள் மருதனார்மடம் சந்தையில் கொவிட் தொற்று வெளிப்பட்டது. மருதனார்மடம் கொத்தணி என்று பத்திரிகைகள் நாள்தோறும் எழுதின. விடியுமுன் மரக்கறி வண்டிகள் நெருக்கும் சந்தை வெறிச்சோடிற்று. எங்கள் ஊரின் பெயரிலேயே மடம் இருக்கின்றது. வழிப்போக்கரை வரவேற்ற அப்பெயர் அந்நாட்களில் அஞ்சத்தக்க பெயராயிற்று. அடுத்த ஆண்டின் நடுப்பகுதியிலே யாழ்ப்பாணத்தில் தடுப்பூசி போடத் தொடங்கினர்.

என் அக்காவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. அவர் படியாதவர் அல்லர். இராமநாதன் கல்லூரியிற் கற்றவர். தேவாரமும் புராணமும் பிழையின்றிச் சொல்பவர். அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நோயில்லாத உடம்புக்குள் நோயின் கூறு ஒன்றைச் செலுத்தினால் அது நோயை அழைப்பதாகாதா என்பதே அக்கேள்வி. நல்ல கேள்வி. ஜென்னர் காலத்து மக்களும் இதனையே கேட்டிருப்பர். நான் விஞ்ஞான ஆசிரியன் அல்லவா? நிர்ப்பீடனம் என்றேன், பிறபொருளெதிரி என்றேன், நிணநீர்க்குழியம் என்றேன். பாடநூலில் உள்ளபடி, ஒன்றும் பிழையாகச் சொல்லவில்லை. அரைமணி நேரம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, தலையசைத்து, விளக்கேற்ற நேரமாயிற்று என்று எழுந்து சென்றார். ஊசி போட்டுக்கொள்ளச் செல்லவில்லை. நானும் இருமுறை நினைவூட்டியதோடு நின்றுவிட்டேன். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்ற நிறைவு எனக்கு.

ஓகஸ்ட் மாதத்தில் அவருக்கு நோய் கண்டது. முதற் கிழமை காய்ச்சலும் இருமலும், எழுந்து நடமாடினார். இரண்டாம் கிழமையில் மூச்சு முட்டியது. அக்கிழமையில் அவர் உடலில் நடந்ததை நான் நன்கறிவேன். அறிந்தமையே எனக்கு வேதனை. முதிர்ந்த உடலிலே பகைவனை இனங்காணும் படை தாமதித்தே திரள்கின்றது. இதற்கிடையில் வைரசு நுரையீரலிலே பெருகிவிடுகின்றது. ஆளறியாது எரியூட்டும் முதற்படை அங்கே விரைகின்றது. அழற்சி பெருகி, மெல்லிய காற்றறைகளில் நீர் கோக்கின்றது. ஊரைக் காக்கச் சென்ற படையே ஊருக்குத் தீவைத்ததுபோல் ஆகின்றது. கடுமையான தொற்று நோய்களிற் பலவற்றிலே உயிர் போவது பகைவனின் கையால் மட்டுமன்று. அடங்கத் தெரியாத காவலின் கையாலும் போகின்றது. இக்காரணத்தாலேயே, மூச்சு முட்டிய கொவிட் நோயாளருக்கு அழற்சியை அடக்கும் டெக்சாமெதசோன் என்னும் மருந்து உதவுவதாக 2020இல் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு காட்டிற்று. அக்காவுக்கும் வைத்தியர்கள் தங்களால் இயன்றதைச் செய்தனர். பதினாறாம் நாள் அவர் காலமானார். முன்னரே ஊசி போட்டிருந்தால் உறுதியாகப் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். பிழைக்கும் வாய்ப்பு மிகுந்திருக்கும் என்பதை நான் அறிவேன்.

அந்தியேட்டி முடிந்தபின் ஒருநாள், அம்மம்மாவின் பழைய படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் தவறு எனக்குப் புலப்பட்டது. நான் அரைமணி நேரம் விளக்க முயன்ற பொருள் அக்காவுக்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே தெரிந்த பொருள். ஒருமுறை கண்டவருக்கு மறுமுறை வராது என்பதே நிர்ப்பீடனம். நோயைக் காணாமலே அந்த அனுபவத்தை உடலுக்குக் கொடுப்பதே தடுப்பூசி. அம்மம்மாவின் முகத்தைக் காட்டி, அவர் ஏன் அஞ்சவில்லை என்று கேட்டிருந்தால் போதும். எஞ்சியதை அக்காவே சொல்லி முடித்திருப்பார். நான் அவ்வாறு தொடங்கவில்லை. நான் பேசியதும் தமிழ்தான். ஆனால் அது அவர் வீட்டுக்குள் வராத தமிழ்.

அதன்பின்னரே நான் கிறீனைத் தேடிப் படித்தேன். சொல்லாக்கத்தின் முன்னோடி என்றே அவரை நாம் போற்றுகின்றோம். எனக்கோ அவர் வேறொரு வகையிலும் தோன்றினார். கலைச்சொற்களை ஆக்கியவர் அவற்றோடு நின்றுவிடவில்லை. அச்சொற்களை ஊரவன் வாயில் வைத்து அனுப்பினார். நூலோடு ஆளையும் ஆக்கினார். பொதுமக்கள் படிப்பதற்கென்று சிறு பிரசுரங்களையும் எழுதினார். சொல் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது திண்ணை வரை சென்று சேரவேண்டும் என்பதை வூஸ்டரில் பிறந்த ஒருவர் அறிந்திருந்தார். மருதனார்மடத்தில் வளர்ந்த நான் அறியவில்லை.

உடல்நலம் குன்றியமையால் கிறீன் 1873இல் தாய்நாடு திரும்பினார். அங்கும் தமிழ் வேலையை விட்டாரல்லர். திருத்திய தாள்கள் வூஸ்டருக்கும் நம் நாட்டுக்குமிடையே கப்பலிற் சென்று வந்தன. உடலுறுப்புகளின் தொழிலை விரிவாகக் கூறும் மனுஷ சுகரணம் 1883இல் அச்சேறிற்று. அந்நூலிலே உடல் நோயை எதிர்க்கும் விதத்தைக் கூறும் இயல் இருத்தல் இயலாது. ஏனெனில் அந்தச் சாத்திரம் உலகிலே அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. வெண்குழியங்களை நுணுக்குக்காட்டியிற் கண்டிருந்தனர்; அவற்றின் தொழிலை அறியார். 1882இன் இறுதியில் சிசிலித் தீவிலே மெச்னிக்கோவ் என்னும் உருசிய அறிஞர், நட்சத்திரமீன் குஞ்சின் உடலிற் சிறு முள்ளைக் குத்திவைத்து, அதன் அலைகலங்கள் முள்ளைச் சூழ்ந்துகொள்வதைக் கண்டார். அந்நியப் பொருளை விழுங்கும் காவலர் உடலில் உண்டு என்பது அன்று தொடங்கிய அறிவு. 1884 பெப்ரவரியில் கல்கத்தாவிலிருந்து றொபேட் கொக் வாந்திபேதியின் பற்றீரியத்தைக் கண்டறிந்த செய்தியை அனுப்பினார்.

அவ்வாண்டு மே மாதம் 28ஆம் நாள் கிறீன் காலமானார், வயது அறுபத்தொன்று. மானிப்பாயிலே எந்தப் பகைவனோடு பெயரறியாமற் போராடினாரோ, அப்பகைவனின் முகம் வெளிப்பட்டுச் சில மாதமே ஆகியிருந்தது. உடல் ஆக்கும் எதிர்மருந்து குருதியிலே உண்டு என்று பெரிங்கும் கிற்றசாத்தோவும் நிறுவியது 1890இல். அதனை அறிய அவர் இருக்கவில்லை. தாம் தமிழருக்கு வைத்தியப் பணி செய்த சமயத் தொண்டர் என்பதே தம் கல்லறையிற் பொறிக்கப்படவேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே வூஸ்டர் நகரத்து மயானத்தில் அக்கல் நிற்கின்றது.

அவர் சென்றபின் மானிப்பாயில் தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை. 1870இலேயே கொழும்பிலே அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. தொழிலும் மதிப்பும் அவ்வழியே சென்றன. கிறீனின் நூல்கள் அலமாரிகளிற் பழுப்பேறின. ஆனால், இருபதாம் நூற்றாண்டிலே பாடசாலைகளில் விஞ்ஞானம் தமிழுக்கு வந்தபோது, அதற்குக் கலைச்சொல் ஆக்க அமர்ந்தவர்கள் வெறுந்தரையில் அமரவில்லை. அவருக்குக் கிட்டாத இயலைக் கூறும் நிர்ப்பீடனம், பிறபொருளெதிரி முதலிய சொற்கள் இன்று நம் பிள்ளைகளின் பாடநூலில் இருக்கின்றன. அச்சொற்களை நான் குறைகூறவில்லை, அவை வேண்டும். அவற்றுக்கு முன்னே ஒரு முகமும் வேண்டும் என்றே சொல்கின்றேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியனாயினும், அயலிலுள்ள பிள்ளைகள் சிலர் மாலையில் என் வீட்டுத் திண்ணைக்குப் பாடம் கேட்க வருகின்றனர். உயிரியலில் அந்த இயல் வரும்போது இப்போதெல்லாம் நான் பாடநூலை உடனே திறப்பதில்லை. சுவரிலிருக்கும் அம்மம்மாவின் படத்தை இறக்கி அவர்கள் கையிற் கொடுக்கின்றேன். தழும்புகளைப் பார்த்து, இது என்னவென்று அவர்கள் கேட்கின்றனர். பெரியம்மையை அவர்கள் கண்டதில்லை. அவர்களின் தாய் தந்தையரும் கண்டதில்லை. அங்கிருந்து நான் பாடத்தைத் தொடங்குகின்றேன். அக்காவின் படம் பக்கத்துச் சுவரில் இருக்கின்றது.